வசூல் வேறு, கைக்கு வரும் பணம் வேறு: முதலீடு தேடும் இயக்குநர்களுக்கு ஓர் ஆடிட்டர் எழுதுவது

இந்த மாதமும் ஒரு திட்ட அறிக்கை என் மேசைக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவர் டெல்டா பக்கத்து அரிசி ஆலை உரிமையாளர். சினிமாவில் பணம் போட ஆசை. ஆடிட்டரைக் கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்ற நல்ல பழக்கமும் உண்டு. பளபளப்புத் தாளில் தடிமனான அறிக்கை. பாதிக்கு மேல் வெளிநாட்டுப் படங்களிலிருந்து எடுத்த காட்சிகள். இயக்குநர் எந்த மேதைகளைப் பார்த்து வளர்ந்தார் என்று சில பக்கங்கள். பணத்தைப் பற்றி ஒரே பக்கம். அந்த ஒரு பக்கமும் தவறு.

அதில் இருந்தது இதுதான். பட்ஜெட் 4 கோடி. கீழே அதே வகையைச் சேர்ந்த மூன்று வெற்றிப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் 30 கோடி, 45 கோடி, 50 கோடி என வசூல். அடியில் தடித்த எழுத்தில்: ‘நம் படம் 30 கோடி வசூலித்தாலே 26 கோடி லாபம்.’

எத்தனை முறை சொன்னாலும் இந்த வரி அறிக்கைகளிலிருந்து போக மறுக்கிறது. எனவே கணக்காகவே எழுதுகிறேன்.

சென்னை மல்டிபிளெக்ஸ்களில் பல ஆண்டுகள் ஏறத்தாழ 190 ரூபாய்க்கு விற்ற டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். அதில் அடிப்படைக் கட்டணம் 150 ரூபாய்தான். அன்றைய விகிதப்படி 18 சதவீத ஜிஎஸ்டி 27 ரூபாய், 8 சதவீத உள்ளாட்சிக் கேளிக்கை வரி 12 ரூபாய். (வரி விகிதம் அவ்வப்போது மாறும், கணக்கின் போக்கு மாறாது.) வரி போக மிஞ்சும் 150 ரூபாயைத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்கிறார்கள். முதல் வாரம் பாதிக்குப் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள், தியேட்டருக்கு 75 போய்விடும். அடுத்தடுத்த வாரங்களில் தியேட்டரின் பங்கு ஏறும். மீதி 75இல் விநியோகஸ்தர் தன் கமிஷனையும், விளம்பரத்துக்குப் போட்டதையும், டிஜிட்டல் திரையிடல் கட்டணத்தையும் கழித்துக்கொண்டுதான் தயாரிப்பாளருக்கு அனுப்புவார். 60 ரூபாய் வந்து சேர்ந்தால் நல்ல கணக்கு. அதாவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 30 கோடி வசூல் என்றால் தயாரிப்பாளர் கைக்கு வருவது ஒன்பதரைக் கோடிக்குள். அந்த 30 கோடியும் பெரும்பாலும் படத்தின் மக்கள் தொடர்பாளர் அறிவித்த எண், யாரும் தணிக்கை செய்ததில்லை.

ஆலைக்காரருக்கு உடனே புரிந்தது. “நெல்லு எடையை அரிசி எடைன்னு எழுதியிருக்காங்க” என்றார்.

அடுத்த கோபம், ஒப்பிடும் படங்களின் மேல். ஆண்டுக்கு 200க்கும் அதிகமான தமிழ்ப் படங்கள் வெளியாகின்றன. அவற்றில் ஓடிய மூன்றை மட்டும் எடுத்துக் காட்டுவதற்கு ஆய்வு என்று பெயர் இல்லை. உங்கள் பட்ஜெட் அளவில், உங்களைப் போலப் புதுமுகங்களை வைத்து எடுத்து, முதல் வெள்ளியோடு முடிந்துபோன படங்களையும் அதே பட்டியலில் வையுங்கள். அவை ஏன் ஓடவில்லை, நீங்கள் எதை மாற்றிச் செய்யப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். பணம் போடுபவர் அந்தப் பக்கத்தைத்தான் இரண்டு முறை படிப்பார். தொழிலில் அடிபட்டு எழுந்தவர்கள் தோல்வியைப் பற்றிப் பேசுபவரை நம்புவார்கள். இது என் அனுபவம்.

‘தமிழ்நாடு தியேட்டர் உரிமை’ என்று ஒற்றை எண் எழுதாதீர்கள். வியாபாரம் என்எஸ்சி (வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு), கோவை, மதுரை, திருச்சி-தஞ்சை, சேலம், நெல்லை-கன்னியாகுமரி என ஏரியா வாரியாக நடக்கிறது. அவுட்ரேட்டா (ஏரியா உரிமையை மொத்த விலைக்கு விற்றுவிடுவது), மினிமம் கேரண்டியா (குறைந்தபட்சத் தொகைக்கு விநியோகஸ்தர் உறுதி தருவது), திருப்பித்தர வேண்டிய அட்வான்ஸா, வெறும் கமிஷனா என்பதைப் பொறுத்து ஆபத்து யார் தலையில் விழும் என்பது மாறும். புதுமுகப் படங்களுக்குப் பெரும்பாலும் கடைசி வகைதான் கிடைக்கிறது. அப்படியானால் வெளியீட்டுச் செலவும் உங்களுடையதே. 4 கோடி பட்ஜெட்டில் அதற்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லையே, போஸ்டரை யார் ஒட்டுவார்?

ஓடிடி, சாட்டிலைட் வருமானத்தை ‘உறுதி’ என்ற தலைப்பின் கீழ் போடுவதையும் நிறுத்துங்கள். கையெழுத்தான ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே அது உறுதி. கதைச் சுருக்கத்தில் ஒன்பது கொலை, அடுத்த பக்கத்தில் சாட்டிலைட் உரிமை 1 கோடி. ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது என்பது எழுதியவருக்குத் தெரியாதா, ஆலைக்காரருக்குத் தெரியாது என்று நினைத்தாரா?

வட்டியையும் காணவில்லை. பாதிப் பணத்தை, அதாவது 2 கோடியை, பைனான்சியரிடம் மாதம் 2 வட்டிக்கு வாங்குவதாக அறிக்கையே சொல்கிறது. ஆறு மாதத்தில் வெளியீடாம். தியேட்டர் கிடைத்து வெளியாக ஒன்றரை ஆண்டு ஆனால் வட்டி மட்டும் 72 லட்சம். வெளியீட்டுக்கு முன் பைனான்சியர் கடன் தீராமல் படம் வெளியே வராது. ஆக, வரும் பணத்தில் முதலில் அவர், பிறகு பாக்கி வைத்த சம்பளங்கள், அதன் பிறகே பங்கு முதலீட்டாளர். இந்த வரிசையை அறிக்கையில் வெளிப்படையாக எழுதுங்கள். ‘லாபத்தில் 50 சதவீதம்’ என்று மட்டும் எழுதினால், எந்தெந்தச் செலவு போன பிறகு லாபம் என்ற சண்டை கோர்ட்டில்தான் முடியும்.

பட்ஜெட்டில் ஜிஎஸ்டி, பெப்சி (திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்) தொழிலாளர்களின் பேட்டா, எதிர்பாராத செலவுக்குக் குறைந்தது 10 சதவீதம் இவையெல்லாம் இருக்க வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை என நினைக்கிறேன்.

கதை உரிமை விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நாவலாசிரியர் வெள்ளைத்தாளில் ‘என் கதையைப் படமாக்கச் சம்மதம்’ என்று எழுதிக் கொடுத்ததை இணைத்திருக்கிறார்கள். காலம், எல்லை எதுவும் அதில் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வேறு ஏற்பாடு எழுதாத நிலையில், ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். சம்மதக் கடிதம் உரிமை மாற்ற ஆவணமாகுமா என்பதே முதல் கேள்வி. வெளிநாட்டு உரிமைக்குத் தனி வருமானம் காட்டியிருக்கிறீர்கள். அதை விற்க உங்களிடம் என்ன இருக்கிறது?

வணிகப் படம் எடுக்கப்போவதில்லை என்றால் லாப அட்டவணையே வேண்டாம், தயவுசெய்து. கோவாவில் 2007 முதல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் ஃபிலிம் பஜார் என்ற திரைப்படச் சந்தையை நடத்துகிறது. அதன் இணைத் தயாரிப்புச் சந்தைக்குப் போகும் அறிக்கை வேறு மாதிரியானது. அங்கே இயக்குநரின் குறிப்பும் திரைக்கதையும்தான் பேசும். இரண்டு வகைக்கும் ஒரே அறிக்கையை அனுப்புகிறவர்கள் இரண்டு இடத்திலும் திரும்பி வருகிறார்கள்.

பொதுமக்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டுவோம் என்பவர்கள் உடனே ‘மந்தன்’ என்ற இந்திப் படத்துக்குப் பணம் திரண்ட கதையைச் சொல்வார்கள். 1976இல் 5 லட்சம் குஜராத் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தது உண்மை. அவர்கள் ஏற்கெனவே பால் கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினர்கள். நீங்கள் வாட்ஸ்அப் குழுவில் ‘உறுதியான 24 சதவீத லாபம்’ என்று போட்டுப் பணம் வாங்கினால், ஒழுங்குமுறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம். தனியார் நிறுவனம் தொடங்கிப் பங்கு கொடுத்தாலும், நிதியாண்டுக்கு 200 பேருக்கு மேல் அழைக்க முடியாது.

தம்பிகளே, தங்கைகளே, ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். யாராவது பையில் பணம் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகை அளவுக்கே அபராதம் விழும். படத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள், முதலீட்டாளரின் கையெழுத்தும் சேர்ந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள், அதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.