ஐந்து ‘மேலும்’ எழுதிய பையன்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் கட்டுரைக்கு 8 மதிப்பெண். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை எல்லாம் ஒழுங்காக இருந்தும் பல தாள்களுக்கு ஐந்துக்கு மேல் போட எனக்குக் கை வருவதில்லை. எழுத்துப்பிழைதான் காரணம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது இல்லை. ஷேர் ஆட்டோவில் ஏறியவர்கள் மாதிரி வாக்கியங்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஒன்றோடொன்று பேசாது.

காசிமேட்டுப் பையன் ஒருவனை மீன்பிடித் தடைக்காலம் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னேன். இப்படி எழுதினான்:

“ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் ஆகும். மேலும் இது மீன்கள் முட்டையிடும் காலம் ஆகும். மேலும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாது. மேலும் மீன் விலை உயரும். மேலும் அரசு நிவாரணம் தருகிறது. மேலும் மக்கள் கடன் வாங்குகிறார்கள்.”

தாளை மூடிவிட்டு, “அந்த ரெண்டு மாசம் உங்க பக்கம் என்னடா நடக்கும்? சொல்லு” என்றேன்.

“மீனு முட்ட போடுற டைமு மிஸ், அதுக்கோசரம்தான் லாஞ்சு போவக்கூடாதுன்றாங்க. லாஞ்சு போவலன்னா மீனு வராது, வெல ஏறிடும். ஆனா சின்ன ஃபைபர் போட்டுங்க போவும், அதனால மார்க்கெட்டு சுத்தமா காலியா இருக்காது. கவர்மென்ட்டு துட்டு குடுக்குது. அப்பவும் எங்க ஆயா வட்டிக்கு வாங்கும்.”

அதுக்கோசரம், போவலன்னா, ஆனா, அதனால, அப்பவும். ஒரே மூச்சில் ஐந்து இணைப்பு, ஒன்றுகூடத் தப்பில்லை. பேனா எடுத்ததும் ஐந்தும் ‘மேலும்’ ஆகிவிட்டன. ‘மேலும்’ என்பது ஒரே வகைச் செய்தியை அடுக்குகிற சொல். காரணத்தையோ முரணையோ அது சொல்லாது.

இதில் என் தப்பும் உண்டு. சில வருஷத்துக்கு முன் எனவே, ஆகவே, இருப்பினும், ஏனெனில், அதாவது என்று சார்ட்டில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினேன். அடுத்த தேர்வில் ஒரு பெண் எழுதியிருந்தாள்: “ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. ஆகவே வடசென்னையில் வெயில் அதிகம்.” சார்ட்டைக் கிழித்துவிட்டேன்.

இப்போது செய்வது வேறு. இரண்டு வாக்கியத்தை மட்டும் பலகையில் எழுதுவேன்: அரசு நிவாரணம் தருகிறது. மக்கள் கடன் வாங்குகிறார்கள். நடுவில் ‘அதனால்’ போட்டால் நிவாரணமே கடனுக்குக் காரணம் என்றாகிவிடும். ‘அப்படியிருந்தும்’ போட்டால் நிவாரணம் போதவில்லை என்று பொருள். எது உண்மை என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை முடிந்த பிறகே சொல்லை எழுதவிடுவேன்.

இரட்டை இணைப்பையும் கவனியுங்கள். “ஏனெனில் மழை பெய்த காரணத்தினால்” என்பதில் ஒன்று மிகை. “படித்திருந்தாலும் ஆனால்” என்பதும் அப்படியே.

‘மற்றும்’ பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. “வஞ்சிரம், நண்டு மற்றும் இறால்” என்று எழுதுகிறார்கள். “வஞ்சிரமும் நண்டும் இறாலும்” என்றால் என்ன குறைந்துவிடும்? இந்த ‘உம்’முக்கு எட்டுப் பொருள் சொல்கிறது நன்னூல் என்ற இலக்கண நூல். “தடைக்காலம் முடிந்தும் விலை இறங்கவில்லை” என்பதில் ‘ஆனால்’ செய்யவேண்டிய வேலையை அந்த ‘உம்’ செய்துவிடுகிறது. தமிழில் பாதி இணைப்பு வினையின் வாலிலேயே இருக்கிறது: குறைந்து, குறைய, குறைந்தால், குறைந்தாலும். தனிச்சொல்லைத் தேடும் முன் அதைப் பாருங்கள்.

மறுவாரம் அந்தப் பையன் திருத்திக் கொண்டுவந்தான்:

“ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்கள் முட்டையிடும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வரத்துக் குறைந்து விலை ஏறும். ஆனால் சிறிய ஃபைபர் படகுகள் போகலாம், அதனால் சந்தை அடியோடு காலியாவதில்லை. அரசு நிவாரணம் தருகிறது. அப்படியிருந்தும் பலர் வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள்.”

‘அரசு’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு ‘மேலும்’ எழுதி அடித்திருந்தான். ஏன் அடித்தாய் என்று கேட்டேன்.

“அது வேற மேட்டரு மிஸ். தனியா வந்தாலே புரியுது.”