செம்பனைக்கு நடுவே மரத்தீவுகள்

“பாமாயில் தோட்டமும் பச்சைப்பசேல் என்றுதானே இருக்கிறது? அதுவும் மரம்தானே?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ரேஷன் கடையில் பாமாயில் வாங்கும் நமக்கெல்லாம் வர வேண்டிய கேள்விதான்.

பாமாயில் தரும் எண்ணெய்ப் பனையை மலேசியத் தமிழர்கள் செம்பனை என்பார்கள். ஹெக்டேருக்கு ஏறக்குறைய 140 மரங்கள், எல்லாம் ஒரே வயது, ஒரே உயரம். அடியில் முளைப்பதைக் களைக்கொல்லி கருக்கிவிடும். காட்டில் இருப்பதுபோல உயரம் உயரமாகப் பல அடுக்குகளோ, பலவகைச் சருகோ அங்கே இல்லை.

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், ஜாம்பி மாகாணத்துத் தோட்டம் ஒன்றில் 2013 இறுதியில் ஒரு பரிசோதனை தொடங்கியது. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகமும் இந்தோனேசிய ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. சில செம்பனைகளை வெட்டி இடம்விட்டு, 52 மரத்தீவுகளை, அதாவது தோட்டத்துக்குள்ளேயே வேறு மரங்களுக்கான சிறு திட்டுகளை, உருவாக்கினார்கள். டுரியான், பெத்தாய், ஜெங்கோல், மெராந்தி உள்ளிட்ட 6 உள்ளூர் மர இனங்களைத் தனித்தனியாகவும் கலந்தும் நட்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில தீவுகளில் எதையுமே நடவில்லை.

எனக்கு மிகப் பிடித்த விஷயம் தீவின் அளவு. மிகச் சிறியது 5 மீட்டருக்கு 5 மீட்டர்; பெரியது 40-க்கு 40. சிறிய தீவில் எங்கே நின்றாலும் இரண்டரை மீட்டரில் ஓரம் வந்துவிடும். பக்கவாட்டில் வெயில் பாயும், பனை மட்டைகள் மேலே கவியும். பெரிய தீவில் நடுவிலிருந்து ஓரத்துக்கு 20 மீட்டர். அங்கே ஒரு ‘உள்ளே’ உருவாகிறது. கிளைகள் கூடி நிழல் விழுகிறது, புல் ஒடுங்குகிறது, சருகு சேர்ந்து ஈரம் தங்குகிறது. பழம் தின்ற பறவை கிளையில் உட்கார்ந்து எச்சமிடுகிறது. எச்சத்தோடு விதையும் விழுகிறது. தோட்டத்தின் மொட்டைத் தரையில் விழுந்தால் வீணாகப்போகிற விதை, இங்கே முளைக்க வாய்ப்புண்டு. முளைத்தது வளர்ந்தால் இன்னும் நிழல், இன்னும் கிளை, இன்னும் பறவைகள். நம் ஊர்ச் சுவர் இடுக்கில் ஆலங்கன்று முளைப்பதும் இதே வழியில்தான்.

சரி, எண்ணெய் குறையாதா? 2023-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த முடிவுகளின்படி, தோட்டத்தின் மொத்த விளைச்சல் குறையவில்லை. வெட்டாமல் விட்ட பனைகளுக்குப் போட்டி குறைந்தது. வெளிச்சம் கூடுதலாகக் கிடைத்தது. அவை அதிகம் காய்த்து இழப்பை ஈடுகட்டின. உயிரின வகைகளோ தீவுகளில் கூடின, பெரிய தீவுகளில் இன்னும் அதிகமாக.

இந்தப் பரிசோதனை இடம்பெற்ற ஆய்வுத் திட்டத்துக்கு ஜெர்மனி 2012 முதல் 12 ஆண்டுகள் பணம் கொடுத்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை ‘முடிவு எங்கே?’ என்று கேட்கும் நிதி முறையில் மரத்தை ஆராய முடியாது. நம் நாட்டிலும் இப்படி நீண்டகால நிதி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். மரத்தீவு ஏற்கனவே இருக்கும் தோட்டத்துக்கான வைத்தியம். நிற்கிற காட்டை வெட்டிவிட்டு, பிறகு தீவு வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் கணக்குப் போட இதில் இடமில்லை.