பசை ஊற்றினால் கெபின் கூரை நிமிராது

மாரி முடிந்து வாடைக்காற்று அடங்கும் நாட்களில், திருகோணமலையில் படகு குஷன் வேலை செய்யும் எங்களிடம் ஒரே முறைப்பாடுதான் திரும்பத் திரும்ப வருகிறது: கெபினின் உட்கூரையில் ஒட்டியிருந்த றெக்சின் தொய்ந்து தலையில் இடிக்கிறது. தொய்ந்த நிலையிலேயே காட்டினால் வேலை எளிது. ஆனால் எங்களிடம் வருவது பெரும்பாலும் உரிமையாளர் ஏற்கெனவே "சரிசெய்த" கூரையாகவே இருக்கிறது. அண்மையில் பார்த்த படகொன்றில், றெக்சினைச் சிறிஞ்சினால் இடைவிடாது துளைத்து உள்ளே பசை செலுத்தியிருந்தார்கள். பசை கட்டிகட்டியாக இறுகி, அதன் பாரத்தில் கூரை முன்பைவிடத் தாழ்ந்திருந்தது. உட்கூரையை நீங்களே மாற்றலாம். அதில் எனக்கு மறுப்பில்லை. மாற்றாமல் ஒட்டுப்போடுவதைத்தான் கைவிடும்படி கேட்கிறேன்.

"பசை விட்டுவிட்டது, எனவே புதிய பசை வேண்டும்" என்ற எண்ணமே எல்லாத் தவறுக்கும் மூலம். பசை பெரும்பாலும் விட்டிருக்காது. ஒரு மூலையை உரித்துப் பாருங்கள்: பழைய பசை பைபர் கூரையில் அப்படியே பிடித்திருக்கும், றெக்சினும் கிழியாமல் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருந்த மெல்லிய ஸ்பொஞ்ச்தான் செத்திருக்கும். பொலியூரித்தேன் ஸ்பொஞ்ச் ஈரப்பதனாலும் வெப்பத்தினாலும் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, விரலால் தொட்டால் பழுப்புத் தூளாகவோ பிசுபிசுப்பாகவோ உதிரும். கடலோரப் புழுக்கமும், மூடிக்கிடக்கும் கெபினின் பகல் வெப்பமும் இதற்குத் தோதானவை. இந்தத் தூளின் மீது எவ்வளவு விலையுயர்ந்த பசையைப் பூசினாலும், அது தூளைப் பிடித்துக்கொள்ளுமே தவிரக் கூரையைப் பிடிக்காது. மாவு தூவிய பலகையில் முத்திரை ஒட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. ஸ்பிரே பசை, மரப்பசை, சப்பாத்துப் பசை என்று எதை மாற்றினாலும் முடிவு ஒன்றுதான். (கூரையில் ஸ்குரூ முடுக்கித் தூக்கி நிறுத்துபவர்களும் உண்டு. மேல்தளத்தின் நடுவில் பால்சா மரம் வைத்துக் கட்டிய படகில் அந்தத் துளை வழியாக நீர் இறங்கினால், பிறகு பேச வேண்டியது றெக்சினைப் பற்றியல்ல, தளத்தைப் பற்றி.)

ஆகவே பழையதை முழுதாகக் கழற்றுங்கள். கிழிக்காமல் கழற்றினால் அதுவே புதியதை வெட்டுவதற்கு அளவாகும். மிஞ்சிய ஸ்பொஞ்ச் தூளைக் கெட்டியான நைலோன் தூரிகையால் தேய்த்து, வெறும் பைபர் தெரியும்வரை எடுத்துவிட வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், கூரை நிலைப்பது இந்த வேலையில்தான் இருக்கிறது. பிறகு நன்னீரால் கழுவி நன்றாக உலர விடுங்கள். உப்புப் படிந்த பரப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதைக் கரையோரத்தில் வாழ்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கூரை வெறுமையாக இருக்கும்போதே மேல்தளத்தில் குழாய் நீரை அடித்து, உள்ளே எங்கு கசிகிறது என்று பாருங்கள். கைப்பிடிக் கம்பிகளின் போல்ட், யன்னல் சட்டம், வயர் இறங்கும் துளை ஆகியவையே வழக்கமான இடங்கள். கசிவை அடைக்காமல் புதிய றெக்சினை ஒட்டுவது பணத்தைக் கடலில் போடுவதாகும்.

இனி, நான் கோபப்படாமல் சொல்ல முயலும் விடயம். புதிய றெக்சினை ஒட்டும் தொடுபசையில் (இரு பரப்பிலும் பூசிச் சேர்க்கும் பசை) பெரும்பாலும் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. அவற்றின் ஆவி காற்றைவிடப் பாரமானது; மேலே பூசினாலும் கீழே இறங்கிப் படகின் அடிவயிற்றில் தேங்கும். அங்கேதான் நீரிறைக்கும் பம்பின் சுவிட்சும், பல படகுகளில் பற்றரியும் இருக்கின்றன. ஒரு பொறி போதும். பற்றரியின் இணைப்பைக் கழற்றாமல் பசை டின்னைத் திறக்காதீர்கள். எல்லாக் கதவுகளையும் திறந்து வையுங்கள். மழைக்குப் பயந்து மூடிவிட்டு உள்ளே இருக்காதீர்கள். மழையென்றால் வேலையை ஒத்திவையுங்கள். மூக்கில் கட்டும் துணியும் கடதாசி முகமூடியும் தூளுக்கு ஓரளவு உதவும், ஆவிக்கு உதவா. அதற்குக் கரைப்பான் ஆவியை வடிக்கும் குப்பி பொருத்திய முகமூடி வேண்டும். தயவுசெய்து வெளியே ஒருவரை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். தலை கனத்தால் உடனே வெளியே வாருங்கள். "இன்னும் ஒரு முழம்தான்" என்று தங்கியிருக்க வேண்டாம்.

ஒட்டும் முறை குறித்துச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் டின்னிலேயே எழுதியிருக்கிறது. இரு பரப்பிலும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்த பின்னரே சேர்க்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திச் செல்லுங்கள். சுற்றிலும் நான்கைந்து சென்ரிமீற்றர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். வாங்கும் பசை, றெக்சினில் உள்ள பீவீசீயை மென்மையாக்கும் எண்ணெய்க்குத் தாங்குவதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சாதாரண தொடுபசையை அந்த எண்ணெய் காலப்போக்கில் இளக்கிவிடும். கச்சான் காற்று வறண்டு வீசும் நாட்களில் பசை விரைவில் காயும் என்பதால் சிறு சிறு பகுதியாகப் பூசுங்கள். மாரிக்காலத்தில் இவ்வேலையைத் தொடவே வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, அதில் படியும் ஈரம் பசையைக் கெடுத்துவிடும்.

மீண்டும் ஸ்பொஞ்ச் பதித்த றெக்சினையே தேர்ந்தால், சில ஆண்டுகளில் இதே வேலை திரும்ப வரும். துணி முதுகுள்ள, ஸ்பொஞ்ச் இல்லாத றெக்சினே எனது தேர்வு. இடமிருந்தால் அதனைப் படகுக்கு ஏற்ற ஒட்டுப்பலகையில் இழுத்துப் பொதிந்து, துருப்பிடிக்காத ஸ்குரூக்களால் பலகைகளாகப் பூட்டுங்கள். இரும்பு ஸ்டேப்பிள் அடித்தால் அடுத்த மாரிக்குள் துருக்கறை வெளியே தெரியும். பலகையாக இருந்தால், மேல்தளப் போல்ட் ஒன்றை இறுக்க வேண்டி வரும் நாளில் ஒன்றை மட்டும் கழற்றினால் போதும்.