பாட்டு எங்கேயும் போகவில்லை, அங்கிள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கணினி பழுது பார்க்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "நேத்து அப்டேட் பண்ணேன் தம்பி, பாட்டெல்லாம் காணோம்." திறந்து பார்த்தால், பெரும்பாலும் ஒரு பாட்டுகூடத் தொலைந்திருக்காது.

போன மாதம் செந்தூலிலிருந்து ஒரு அங்கிள் வந்தார். கோயில் திருவிழா, கல்யாணம் என்று சவுண்ட் சிஸ்டம் வைப்பவர். மடிக்கணினியில் ஏறத்தாழ 9,000 பாட்டு. பாதிக்கு மேல் பழைய கேசட்டிலிருந்து அவரே ஏற்றியவை. 'கணபதி', 'முகூர்த்தம்', 'பந்தி' என்று இடப்பக்கம் வரிசையாகப் பட்டியல் போட்டு வைத்திருந்தார். பாட்டுப் போடும் மென்பொருளை அப்டேட் செய்த பிறகு அந்தப் பக்கமே இல்லை. திரை நிறையச் சாம்பல் நிறச் சதுரங்கள், ஒவ்வொன்றின் கீழும் 'பாடகர் தெரியவில்லை'.

"கெட்டிமேளம் எங்கே இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டே எடுப்பேன். இப்போ கண்ணைத் திறந்து வச்சிருந்தும் கிடைக்கலை" என்றார்.

இந்தக் கோபத்தைப் பிடிவாதம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அட்டைப்படம் காட்டும் புதிய தோற்றம், ஒவ்வொரு கோப்புக்குள்ளும் படம், பாடகர், ஆல்பம் எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கும் என்று நம்பி வரையப்பட்டது. நம் வீட்டுக் கோப்புகளில் அது ஏது? இளையராஜா பெயரையே ஆங்கிலத்தில் ஒரு 'எல்', இரண்டு 'எல்', நடுவில் ஒரு 'ஒய்' என்று பல விதமாக எழுதுகிறோம். மென்பொருளுக்கு அவர் நான்கைந்து பேர். பாட்டுக் கோப்புக்குள் தலைப்பு, பாடகர் விவரங்களை எழுதி வைக்கும் முறைக்கு ஐடி3 என்று பெயர்; அதன் பழைய முதல் பதிப்பில் பாட்டின் தலைப்புக்கு 30 பைட்தான் இடம், அதுவும் தமிழ் எழுத்தை நினைத்துச் செய்ததல்ல. அதனால் நாம் ஃபோல்டரையும் பட்டியலையும் நம்பியே வாழ்ந்தோம். அதை மறைத்தால் கை தடுமாறத்தான் செய்யும்.

பெரிய நிறுவனங்களும் இதில் சூடு பட்டவைதான். 2012 நவம்பரில் வந்த ஐடியூன்ஸ் 11 (ஆப்பிளின் பாட்டு மென்பொருள்) இதே போல இடப்பக்கப் பட்டியலை, அதாவது பக்கப்பட்டியை, மறைத்தது. மெனுவில் தேடினால்தான் திரும்பி வந்தது. ஒரே பாட்டு இரண்டு முறை இருந்தால் காட்டும் வசதியையும் எடுத்துவிட்டு, அடுத்த மாதமே 11.0.1-இல் திருப்பிக் கொடுத்தார்கள். 2024 மே மாதம் ஸ்பீக்கர் நிறுவனமான சோனோஸ் தன் செயலியைப் புதிதாக மாற்றியபோது தூங்கும்நேர டைமரும், அடுத்தடுத்த பாட்டுகளின் வரிசையை மாற்றும் வசதியும் காணாமல் போயின. ஜூலையில் தலைமை நிர்வாகி மன்னிப்புக் கேட்டார். அந்த மாற்றத்தில், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிற பார்வையற்றவர்களும் சிக்கினார்கள்.

அது எனக்குத் தூரத்துச் செய்தி இல்லை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பது எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில். மசாஜ் தொழில் செய்யும் பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர் பாட்டுப் போடுவதைப் பார்த்திருக்கிறேன்: டேப் விசையை ஏழு முறை, என்டரை ஒரு முறை. புதிதாக ஒரே ஒரு பொத்தானை நடுவில் செருகினாலும் அவருக்கு அது படிக்கட்டில் ஒரு படி கூடியது போல.

சரி, அங்கிள் விஷயம். 'காட்சி' மெனுவைத் திறந்து 'பக்கப்பட்டியைக் காட்டு' என்பதைத் தட்டினேன். எல்லாம் வந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் முந்தின நாள் இரவு அவருடைய மருமகன், "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் பாட்டை மறுபடி ஏத்திடலாம்" என்று உட்கார்ந்திருக்கிறான். எனக்குப் பகீரென்றது. பாட்டு தனி, பட்டியல் தனி. நாம் போட்ட வரிசையும் எந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டோம் என்ற கணக்கும் பாட்டுக் கோப்புக்குள் இருப்பதில்லை. மென்பொருளின் நூலகக் கோப்பில் இருக்கின்றன. ஐடியூன்ஸில் அந்தக் கோப்பின் பெயருக்கு '.ஐடிஎல்' (.itl) என்று வால் இருக்கும். அதை அழித்தால் 9,000 பாட்டும் பத்திரமாக இருக்கும், இருபது வருட வரிசை போய்விடும். புதிய பதிப்பு ஒருமுறை திறந்த நூலகத்தைப் பழைய பதிப்பு பெரும்பாலும் ஏற்காது என்பதால், நகல் எடுப்பதை அப்டேட்டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

அங்கிளுக்கு அந்தக் கோப்பையும் பாட்டு ஃபோல்டரையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். நான் கூலி வாங்க மறுத்ததால் எதிர்க்கடையில் தே தாரிக் (ஆற்றிய பால் டீ) வாங்கிக் கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் பென்டிரைவின் மேல் டேப் ஒட்டி எழுதிவிட்டார்: 'மருமகன் தொடக்கூடாது'.