பயன்களவு: திருப்பிக் கொடுத்தாலும் திருட்டுதானா?

டீக்கடை வாசலில் நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டர் ஒருநாள் காலையில் காணாமல் போய், முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தது. சாவியை வண்டியிலேயே விட்டது என் தப்பு. எடுத்துப் போனவன் பக்கத்துத் தெருப் பையன். முன்சக்கரம் முழுக்கச் செம்மண், பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டுக்கும் கீழே. "அவசரம்ணே. கேட்டா குடுத்திருப்பீங்கன்னு தெரியும், அதான்" என்று சாவியை நீட்டினான்.

அவன் செய்ததற்குத் தமிழில் என்ன பெயர்? திருட்டு என்றால் அவன் சண்டைக்கு வருவான். இரவல் என்றால் நான் ஒப்பமாட்டேன்.

ரோமானியர்களின் சட்டம் பேசும் லத்தீனில் இதற்கென்றே ஒரு பெயர் உண்டு: ஃபுர்டும் ஊசுஸ். ஃபுர்டும் என்றால் திருட்டு, ஊசுஸ் என்றால் பயன்படுத்துதல். பொருளை அல்ல, பொருளின் பயனைத் திருடுவது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் காயுஸ் என்ற சட்ட அறிஞர் இதற்குச் சொல்லும் எடுத்துக்காட்டுகள் நம் தெருவில் நடப்பவை போலவே இருக்கின்றன. நண்பர்களுக்கு விருந்து வைக்கப் போகிறேன் என்று வெள்ளிப் பாத்திரங்களை வாங்கிக்கொண்டு, அவற்றை வெளியூருக்குத் தூக்கிப் போனவன் திருடன். சவாரிக்கென்று குதிரையை வாங்கி, சொன்ன தூரத்தைத் தாண்டி ஓட்டிப் போனவனும் திருடன். ரோமுக்குத் தெற்கே இருந்த அரிக்கியா என்ற ஊர்வரை போய்வரக் குதிரை வாங்கிய ஒருவர், அந்த ஊர்க் குன்றையும் கடந்து போனதற்காகத் தண்டிக்கப்பட்ட கதையும் உண்டு. தண்டனை சிறை அல்ல, பணம். கையும் களவுமாகப் பிடிபட்டால் நான்கு மடங்கு, இல்லையென்றால் இரண்டு மடங்கு.

ஆனால் காயுஸ் ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தார். உடைமையாளர் சம்மதித்திருப்பார் என்று ஒருவன் உண்மையாகவே நம்பியிருந்தால் அது திருட்டாகாது. பக்கத்துத் தெருப் பையனின் வாதம் ஏறத்தாழ 1,800 வருடப் பழசு.

சொல்லின் வேருக்கு வருவோம். ஃபுர்டும் எங்கிருந்து வந்தது என்பதில் ரோமானியர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. 'தூக்கிச் செல்' என்ற வினையிலிருந்து வந்தது என்றனர் சிலர். லபேயோ என்ற சட்ட அறிஞரோ கருமையைக் குறிக்கும் ஃபுர்வுஸ் என்ற சொல்லைக் காட்டினார், இருட்டில், மறைவில் நடக்கும் காரியம் என்பதால். இந்த இடத்தில் தமிழ் வாசகருக்குக் காது விடைக்கும். நம் 'களவு' அப்படியே இந்தப் பொருளைச் சுமக்கும் சொல். கள்ளம், கள்வன், கள்ளச்சாவி, கள்ளப்பார்வை எல்லாவற்றிலும் மறைவு இருக்கிறது. தொல்காப்பியத்தின் களவியலில் வரும் களவு, ஊரறியாமல் நிகழும் காதல். அங்கே திருட்டுப் போன பொருள் எதுவும் இல்லை. ஈழத்தில் 'களவெடுத்தல்' இன்றும் வீட்டுச் சொல். தமிழ்நாட்டுப் பேச்சில் திருட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டாலும், களவாணி இன்னும் சாகவில்லை.

இரவல் வேறு குடும்பம். இர என்றால் கேள், யாசி. இரவலன், இரப்பு, இரவல் எல்லாம் கை நீட்டிக் கேட்பதிலிருந்து பிறந்தவை. அதனால் 'கேட்காமல் இரவல் வாங்கினேன்' என்பது பேச்சில் சரளமாக வந்தாலும், சொல்லுக்குள்ளேயே முரண். கேட்காவிட்டால் அது இரவலே இல்லை.

நம் சட்டம் என்ன சொல்கிறது? இந்தியச் சட்டத்தில் இந்தக் குற்றத்துக்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை, திருட்டே இதையும் விழுங்கிவிட்டது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 'நிரந்தரமாக' என்ற சொல்லைத் திருட்டின் வரையறையில் வைக்கவில்லை. நேர்மையற்ற எண்ணத்தோடு, உடைமையாளரின் சம்மதமின்றி, அசையும் பொருளை அவர் கையிருப்பிலிருந்து நகர்த்தினாலே போதும். அந்தச் சட்டத்தின் எடுத்துக்காட்டு ஒன்று எனக்குப் பிடித்தமானது: நண்பர் வீட்டில் இல்லாதபோது அவருடைய நூலகத்திலிருந்து படித்துவிட்டுத் தரலாம் என்று ஒரு புத்தகத்தை எடுத்துப் போகிறார் ஒருவர். நண்பரின் மறைமுகச் சம்மதம் இருப்பதாக நினைத்திருந்தால், திருட்டல்ல. புத்தகம் பறிகொடுத்தவர்கள் இந்த வரியைப் படிக்காமல் இருப்பது மனதுக்கு நல்லது.

இந்த வரையறைக்குச் சோதனை 1952 மே மாதம் ஜோத்பூரில் வந்தது. விமானப்படைப் பயிற்சி மாணவர் ஒருவரும், முந்தைய நாள்தான் பயிற்சியிலிருந்து நீக்கப்பட்ட இன்னொருவரும் விடியற்காலையில் ஒரு ஹார்வர்ட் பயிற்சி விமானத்தை அனுமதியின்றிக் கிளப்பினார்கள். இறங்கியது பாகிஸ்தானில். வழி தவறிவிட்டது என்றார்கள். கே.என். மெஹ்ரா எதிர் ராஜஸ்தான் அரசு என்ற அந்த வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: விமானத்தைக் கொஞ்ச நேரம் பயன்படுத்தியதே அவர்களுக்கு முறையற்ற ஆதாயம், அந்த நேரம் அது அரசின் கையில் இல்லாததே அரசுக்கு முறையற்ற இழப்பு. ஆகவே திருட்டு. பிறகு ராஜஸ்தானின் ஆல்வார் நகரில், பொறியாளர் அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவரின் வழக்கு. அலுவலகக் கோப்பை வீட்டுக்குக் கொண்டுபோய், நண்பர் அதிலிருந்த தாள்களை மாற்ற விட்டு, மறுநாளே திரும்ப வைத்திருந்தார். அதுவும் திருட்டே என்றது அதே நீதிமன்றம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 303ஆம் பிரிவு. மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். முதல் குற்றமாக இருந்து, பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்து, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. திருப்பிக் கொடுப்பது குற்றத்தை அழிக்காது, தண்டனையைத்தான் இறக்கும். வண்டிக்கு மட்டும் தனி வழி ஒன்று உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 197ஆம் பிரிவுப்படி, சம்மதமின்றி வண்டியை எடுத்து ஓட்டினால் மூன்று மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கேட்டிருந்தால் உடைமையாளர் கொடுத்திருப்பார் என்று நியாயமாக நம்பியவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. காயுஸ் சிரித்திருப்பார்.

இங்கிலாந்து எதிர்த் திசையில் போனது. அங்கே நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணம் இருந்தால்தான் திருட்டு. 1961இல் லண்டன் தேசிய ஓவியக்கூடத்திலிருந்து கோயா வரைந்த வெலிங்டன் பிரபு ஓவியம் காணாமல் போய்ப் பின்னர் திரும்பி வந்தது. விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவரை, ஓவியத்தைத் திருடவில்லை என்று விடுவித்த ஜூரிகள், திரும்பி வராத சட்டகத்தைத் திருடியதற்கு மட்டும் குற்றவாளி என்றார்கள். தண்டனை மூன்று மாதம். அந்த ஓட்டையை அடைக்க 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தில் தனிப் பிரிவே சேர்த்தார்கள். சம்மதமின்றி வண்டி எடுப்பதற்கும் தனிப் பிரிவு. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'டுவாக்' என்பது அங்கே தெருப்பேச்சு.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'தற்காலிகத் திருட்டு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. தற்காலிகமானது எடுத்து வைத்திருந்த நேரம்தான். திருட்டு நடந்தால் நடந்ததுதான். 'கேளா இரவல்' கேட்க அழகு, முரணை மேலே பார்த்தோம். கையாடல் ஒப்படைக்கப்பட்ட பணத்தையும் பொருளையும் சுற்றியே புழங்குகிற சொல். 'பயன்பாட்டுத் திருட்டு' பொருள் பிசகாது, ஆனால் அரசாணை வாசம் அடிக்கிறது.

நான் 'பயன்களவு' என்பேன். களவுபோனது எது என்பதை முதற்பாதி சொல்லிவிடுகிறது, வண்டி அல்ல, வண்டியின் முக்கால் மணி நேரம். செய்தியில் எழுதும்போது "பயன்களவு வழக்கில் இளைஞர் கைது" என்று போட்டால் வாசகர் முதலில் கொஞ்சம் தடுமாறுவார், அடுத்த வரியில் புரிந்துகொள்வார். வினையாக்க வேண்டுமென்றால் ஈழத்தாரிடம் கடன் வாங்கலாம்: பயன்களவெடுத்தான். கேட்டுத்தான் வாங்கவேண்டும்.