போட்டிச் சமநிலையா, ஈடுநிலையா?

அயல்நாட்டு விளையாட்டுச் செய்தியைத் தமிழாக்குகிறவர்களுக்குக் காம்பெடிடிவ் பேலன்ஸ் என்ற தொடர் வந்தால் போதும், கை தானாகப் 'போட்டிச் சமநிலை' என்று எழுதிவிடுகிறது. அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் பணம் யாரிடம் சேர்கிறது என்ற பேச்சிலும் இதே சொல்தான். படித்துப் படித்துச் சலித்துவிட்டது.

பேலன்ஸின் வேர் லத்தீன். இரண்டு தட்டு உள்ள தராசு. பேஸ்பால் வீரர்களின் ஊதியம் பற்றி 1956-இல் சைமன் ராட்டன்பெர்க் எழுதிய கட்டுரையிலிருந்து விளையாட்டுப் பொருளாதாரத்தில் இந்தக் கருத்து வளர்ந்தது. யார் ஜெயிப்பார் என்று முதலிலேயே தெரிந்துவிட்டால் யார் வந்து பார்ப்பார்கள்? அதனால் அணிகளின் வலு ஓரளவாவது நெருங்கியிருக்க வேண்டும். அவ்வளவுதான் பொருள்.

'சமநிலை'க்கு நம் விளையாட்டுப் பக்கங்களில் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. 'ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் முடிந்தது' என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அது டிரா. கல்லூரி மல்யுத்தத்தில் கொடிகட்டிப் பறக்கும் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 முதல் 2025 வரை நடந்த 14 தேசியப் போட்டிகளில் (2020-இல் கொரோனாவால் நடக்கவில்லை) 12 முறை அணிப் பட்டம் அவர்களுக்கே. 2024-இல் அவர்கள் எடுத்தது 172.5 புள்ளி, இரண்டாவது வந்த கார்னெல் 72.5. முழுதாக நூறு புள்ளி இடைவெளி. இதைப் 'போட்டியில் சமநிலை இல்லை' என்று எழுதினால், 'ஆமாம், டிரா ஆகவில்லைதான்' என்று வாசகர் தலையாட்டிவிட்டுப் போவார்.

சரி, 'சமவாய்ப்பு' என்று சொல்லலாமே என்பார்கள் சிலர். அதில் இன்னும் பெரிய சிக்கல். கல்லூரி விளையாட்டின் உச்ச மட்டமான முதல் பிரிவில், ஒரு மல்யுத்த அணிக்கு 2024-25 பருவம் வரை 9.9 முழு உதவித்தொகைக்கு ஈடான பணம்தான் உச்சவரம்பு. எடைப்பிரிவு பத்து, உதவித்தொகை பத்துகூட இல்லை! பயிற்சியாளர்கள் அதைத் துண்டு போட்டு ஒருவனுக்குப் பாதி, இன்னொருவனுக்குக் கால் என்று பங்கிட்டார்கள். வரம்பு எல்லாருக்கும் ஒன்றுதான், அதாவது விதியில் சமவாய்ப்பு இருந்தது. அப்படியிருந்தும் பட்டம் ஒரே வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. உதவித்தொகைக் கணக்கில் வராத பணம் வேறு வழியில் வந்ததும் ஒரு காரணம்: நன்கொடையாளர் பணத்தில் பல்கலைக்கழகத்தை ஒட்டியே இயங்கும் மல்யுத்த மன்றங்கள், அங்கே ஒலிம்பிக் கனவோடு தங்கிப் பயிலும் மூத்த வீரர்கள், அவர்களோடு தினமும் மோதிப் பழகும் மாணவர்கள். அந்தக் கார்னெலோ எட்டுப் பழைய தனியார் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ஐவி லீக்கைச் சேர்ந்தது, விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தருவதில்லை. அதுதான் இரண்டாவது வந்தது. வாய்ப்பு வேறு, வலு வேறு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

'நிகர்நிலை' நல்ல சொல்தான். ஆனால் பல்கலைக்கழகம் பற்றிய கட்டுரையில் அதை வைத்தால், பென் ஸ்டேட்டுக்கு யுஜிசி எப்போது அங்கீகாரம் கொடுத்தது என்று யாராவது கேட்பார்கள்.

என் கட்சி 'ஈடுநிலை'. 'அவனுக்கு ஈடுகொடுத்து மல்லுக்கட்டினான்' என்று ஊரில் சொல்கிறோமே, அந்த ஈடு. ஈடுகொடுப்பவன் ஜெயிக்க வேண்டியதில்லை. ஜெயிக்கக்கூடியவனாக இருந்தால் போதும். மூலத்தின் பொருளும் அதுவே. ஈடு என்றால் அடமானம் அல்லவா, இழப்பீடு அல்லவா என்று கேட்கலாம். இருக்கட்டுமே, 'ஈடு இணையற்ற' என்று எழுதும்போது யாரும் வங்கிக் கடனை நினைப்பதில்லை.

சொல்லைப் பொருத்திப் பார்க்க இப்போது நல்ல நேரம். கல்லூரி விளையாட்டு வீரர்கள் தங்களுக்கும் பணம் வேண்டும் என்று தொடர்ந்தது ஹவுஸ் வழக்கு. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் அளித்த அதன் சமரசத்தை ஏற்ற பல்கலைக்கழகங்களுக்கு 9.9 வரம்பு போய்விட்டது. அணியில் 30 பேர் வரை, விரும்பினால் அத்தனை பேருக்கும் முழு உதவித்தொகை. அப்புறம் வீரர்களுடன் வருவாய்ப் பகிர்வு, முதல் ஆண்டில் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர் வரை. அதில் பெரும்பங்கை அமெரிக்கக் கால்பந்து விழுங்கும். மிச்சத்தில் மல்யுத்தத்துக்கு எவ்வளவு என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் மனசு. 'வரம்பு நீங்கியதால் அணிகளுக்கிடையே ஈடுநிலை மேலும் குறையலாம்' என்று எழுதிப் பாருங்கள், யாருக்காவது டிரா நினைவு வருகிறதா?

இன்னொன்று. இதே மொழிபெயர்ப்பாளர்கள் ரெஸ்லிங் புரோகிராம் என்பதை 'மல்யுத்த நிகழ்ச்சி' ஆக்குகிறார்கள். 'நிதியின்றி மல்யுத்த நிகழ்ச்சி நிறுத்தம்' என்றால் டிவியில் ஏதோ தொடரை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் தோன்றும். நிறுத்தியது ஓர் அணியை. பயிற்சியாளர் வேலை, மாணவர்களின் உதவித்தொகை எல்லாம் அதோடு போகின்றன. 'மல்யுத்த அணி' என்று எழுத என்ன தடை?