ஒரு மடக்கு தண்ணீரும் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனும்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், லெக்ஸிங்டன் நகரில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மேனேஜருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வீட்டுக் கடன், முட்டி வலி, கல்லூரி முடித்த மகள் எல்லாம் உண்டு. ஆனாலும் மீட்டிங் நடுவே மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, எங்கோ இன்னொரு மாநிலத்தில் பள்ளியில் படிக்கிற ஒரு பையன் எந்தக் கல்லூரிக்குக் கூடைப்பந்து ஆடப் போகிறான் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாராம். "பையன் இன்னும் ஒரு பந்துகூட இவங்களுக்காகப் போடல சார். எங்க காலேஜுக்குத்தான் வர்றான்னு தெரிஞ்ச அன்னிக்கு ஆபீஸ்ல டோனட் வாங்கிக் கொடுத்தாரு. இது என்ன வியாதி?" என்று கேட்கிறார்.

வியாதி இல்லை. இந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பாதி அவர் குடியிருக்கும் ஊரிலேயே, சில புறாக்களிடமிருந்து கிடைத்தது. அங்கே போவதற்கு முன் பின்னணியைக் கொஞ்சம் வேகமாகப் பார்த்துவிடலாம்.

2006-லிருந்து அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் சேர, வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஆண்டுக்குள் 19 வயது நிறைய வேண்டும், அமெரிக்க மாணவராக இருந்தால் பள்ளி முடித்து ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும். அதனால் அசாத்தியத் திறமை உள்ள பையன்கள் பெரும்பாலும் ஒரே ஒரு வருடம் கல்லூரிக்கு ஆடிவிட்டுப் போகிறார்கள். அந்த ஒரு வருடத்துக்குத்தான் அடிதடி. பள்ளியில் ஆடும்போதே அவர்களுக்கு நட்சத்திரம் போடுகிறார்கள். உச்சத்தில் இருப்பவன் ஐந்து நட்சத்திரம். சில தளங்கள் நான்கு தசம இடம் வரை மதிப்பெண் தருகின்றன. இன்னும் வளர்ந்து முடியாத ஒரு பையனைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் தராசு எது என்று எனக்கு விளங்கவில்லை, போகட்டும். அவன் எந்தக் கல்லூரிக்குப் போவான் என்று நிபுணர்கள் கணித்துச் சொல்லும் பகுதிக்கு ஒரு தளம் 'கிறிஸ்டல் பால்' என்றே பெயர் வைத்திருக்கிறது. ஜோசியக்காரி கையில் வைத்திருக்கும் கண்ணாடி உருண்டை. கிளி மட்டும்தான் இல்லை.

இப்போது ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 2012 ஏப்ரல் 2 அன்று கென்டக்கி பல்கலைக்கழகம் இறுதி ஆட்டத்தில் கான்ஸஸை 67–59 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 11 அன்று, அதே ரசிகர்கள் மறுபடி டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். ஆட்டம் எதுவும் இல்லை. நெர்லன்ஸ் நோயல் என்ற பள்ளி மாணவர் கென்டக்கி, சிராக்யூஸ், ஜார்ஜ்டவுன் மூன்றில் எது என்று சொல்லப் போகிறார், அவ்வளவுதான். வழக்கமாக இந்தப் பையன்கள் மேஜையில் கல்லூரித் தொப்பிகளை வரிசையாக வைத்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். நோயலுக்குத் தலைக்கு மேல் செங்கல் அடுக்கியது மாதிரி தட்டையாக உயர்ந்த முடி. அவர் திரும்பிப் பின்னந்தலையைக் காட்டினார். அங்கே முடியைச் சிரைத்து 'யூ.கே.' என்று, அதாவது கென்டக்கி பல்கலைக்கழகத்தின் சுருக்கப் பெயரை, எழுதியிருந்தது. லெக்ஸிங்டன் அலறியது. அதே நாளில், கென்டக்கி ரசிகர்கள் ஆவலோடு காத்திருந்த இன்னொரு பெரிய வீரர் ஷபாஸ் முகமது, லாஸ் ஏஞ்சலஸின் யூ.சி.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுத்தார். ஒரே நாளில் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். கோப்பை ஜெயித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

இங்கேதான் டோபமைன் வருகிறது. 'சந்தோஷ ரசாயனம்' என்று வாட்ஸப்பில் படித்திருப்பீர்கள். அதை மறந்துவிடுங்கள்.

வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளின் நடுமூளையில் உள்ள டோபமைன் செல்களில் மெல்லிய மின்முனைகளைச் செருகி, அவை சடசடக்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு சொட்டு ஜூஸ் விழுந்தால் செல்கள் படபடவென்று துடித்தன. சரி, ஜூஸ் என்றால் சந்தோஷம். அடுத்து, ஜூஸுக்குச் சற்று முன்னால் ஒரு விளக்கை எரியவிட்டார். பலமுறை பழகிய பிறகு பார்த்தால், ஜூஸ் விழும்போது செல்கள் சும்மா இருந்தன. விளக்கு எரியும்போது துடித்தன. விளக்கு எரிந்தும் ஜூஸ் வராவிட்டால், அது வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில் வழக்கமான லேசான சடசடப்புகூட அடங்கிப் போனது. அதாவது அந்தச் செல்கள் ஜூஸை அளக்கவில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கின்றன. 1997-ல் ஷூல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மான்டேக் மூவரும் இதை ஒரு கணக்காக எழுதிக் காட்டினார்கள். கணினிக்குத் தானாகக் கற்றுக்கொடுக்க சட்டனும் பார்ட்டோவும் போட்டுவைத்திருந்த அதே கணக்கு! அந்த இருவருக்கும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது, 2024-ம் ஆண்டுக்கானது, கிடைத்தது.

விளக்குக்கு முன்னால் ஒரு மணி அடித்தால் துடிப்பு மணிக்குப் போகும். மணிக்கு முன்னால் நிலையாக வேறொரு அறிகுறி இருந்தால் அதற்கும் போகும். கென்டக்கி ரசிகருக்கு ஜூஸ் என்பது கோப்பை. அதற்கு முன் நல்ல அணி. நல்ல அணிக்கு முன் நல்ல பையன் சேருவது. அதற்கு முன் அவன் வந்து வளாகத்தைச் சுற்றிப் பார்ப்பது. அதற்கும் முன், கோச் ஏறிய தனி விமானம் அந்தப் பையனின் ஊருக்குப் பக்கத்தில் இறங்கியது. விமானங்களின் போக்கைக் காட்டும் செயலியில் ஒரு சின்ன மஞ்சள் புள்ளி நகர்வதைப் பார்த்து நெஞ்சு படபடக்கும் மனிதர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

இதுவரை பாடப்புத்தகம். நான் உங்களிடம் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தது இனிமேல்தான்.

அந்த மேனேஜர் மேஜைக்கு அடியில் போனைப் பார்ப்பதால் பையனின் முடிவு மாறப் போகிறதா? இல்லை. மாலை ஏழு மணிக்கு எல்லோருக்கும் தெரியப் போவதை மதியம் மூன்று மணிக்கே தெரிந்துகொள்ளத் துடிக்கிறார். அதனால் காலணா பிரயோஜனம் உண்டா? கிடையாது. பயனில்லாத செய்திக்கு ஏன் இவ்வளவு தாகம்?

ஈதன் பிராம்பெர்க்-மார்ட்டினும் ஒகிஹிடே ஹிகோசாகாவும் 2009-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதன் எளிமை அழகானது. தாகமாக இருக்கும் குரங்கின் முன் ஒரு திரை. இரண்டு நிறப் புள்ளிகள் தோன்றும். குரங்கு ஏதாவது ஒன்றைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் சில விநாடிகளில் தண்ணீர் வரும்: பாதித் தடவை பெரிய மடக்கு, பாதித் தடவை சின்ன மடக்கு. இரண்டு நிறத்துக்கும் இதே கணக்குதான், ஒரு துளி வித்தியாசம் இல்லை. வித்தியாசம் நடுவில் வரும் படத்தில். முதல் நிறத்தைப் பார்த்தால், வரப்போவது பெரிய மடக்கா சின்ன மடக்கா என்று முன்கூட்டியே சொல்லிவிடும் ஒரு வடிவம் திரையில் வரும். இரண்டாவது நிறத்திலும் ஒரு வடிவம் வரும், ஆனால் அதற்கு அர்த்தமே கிடையாது.

குரங்குக்கு எது பிடித்திருக்க வேண்டும்? கணக்குப்படி இரண்டும் ஒன்றுதான். ஆனால் சில நாள் பழக்கத்திலேயே குரங்குகள் முதல் நிறத்தின் மேலேயே கண்ணை வைத்தன. தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது, ஒரு நொடியும் முந்தாது. தெரிந்தால் போதும். ஷூல்ட்ஸ் கண்ட அதே டோபமைன் செல்களைக் கேட்டபோது, தண்ணீருக்குத் துடிக்கும் அந்தச் செல்களே 'இப்போது தகவல் வரப் போகிறது' என்பதற்கும் துடித்தன. தனித்தனி இலாகா கிடையாது. மூளைக்குச் செய்தியும் ஒரு தண்ணீர்தான்.

இந்த ஆராய்ச்சி நடந்த இடம் அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம். கண் எப்படி அசைகிறது என்று ஆராயப் போட்ட வரிப்பணத்தில் கிடைத்த விடை இது. 'குரங்குக்குப் புள்ளி காட்டுவதற்கா அரசாங்கப் பணம்?' என்று கேட்க எந்த ஊரிலும் நாலு பேர் இருப்பார்கள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே சமூகப் பயனை எழுதச் சொல்லும் நாட்டில் இந்தச் சோதனை நடந்திருக்காது. நம் நாட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி புறாக்களுக்கு வருவோம். ஜெஸ்ஸிகா ஸ்டாக்னரும் தாமஸ் ஜென்டாலும் 2010-ல் ஒரு படி மேலே போனார்கள். தகவலுக்காகப் பறவை தீனியையே விட்டுக்கொடுக்குமா? ஒரு பொத்தானைக் கொத்தினால் ஐந்தில் ஒரு தடவை ஒரு நிற விளக்கு எரியும், தீனி நிச்சயம். மற்ற நான்கு தடவை வேறு நிறம் எரியும், தீனி நிச்சயமாகக் கிடையாது. இன்னொரு பொத்தானைக் கொத்தினால் ஏதோ ஒரு நிறம் எரியும், எது எரிந்தாலும் பாதிக்குப் பாதி தீனி. அதாவது இங்கே 20 சதவீதம், அங்கே 50 சதவீதம். புறாக்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தது 20 சதவீதத்தை! இரண்டரை மடங்கு தீனியை உதறிவிட்டு, செய்தியை முன்கூட்டியே சொல்லும் விளக்கின் பக்கம் போயின.

ஏன் என்று அந்தக் குழு மேலும் தோண்டியது. தீனி இல்லை என்று சொல்லும் விளக்கு எத்தனை தடவை எரிந்தாலும் புறா அதை அவ்வளவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. நல்ல செய்தி சொல்லும் விளக்குதான் அதன் கண்ணில் நிற்கிறது. வராமல் போன முகமதுகளை மறந்துவிட்டு, திரும்பிப் பின்னந்தலையைக் காட்டிய ஒரே ஒரு நோயலை மட்டும் பத்து வருடமாக நினைவில் வைத்திருக்கும் ரசிகரை அந்த மேனேஜரின் ஆபீஸிலேயே பார்க்கலாம். ஜென்டாலின் புறாக்கூண்டுகள் இருந்ததும் கென்டக்கி பல்கலைக்கழகத்தில்தான், லெக்ஸிங்டனில்தான். 20,000 பேருக்கு மேல் உட்காரும் கூடைப்பந்து அரங்கம் உள்ள அதே ஊர்.

இன்னொன்றும் உண்டு. ஷூல்ட்ஸின் குழு 2003-ல் ஜூஸ் வரும் வாய்ப்பைப் பூஜ்யம், கால், அரை, முக்கால், முழுசு என்று மாற்றிப் பார்த்தது. அறிகுறிக்கும் ஜூஸுக்கும் நடுவே உள்ள அந்த ஒன்றிரண்டு விநாடிக் காத்திருப்பில் டோபமைன் செல்கள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போயின. அந்த ஏற்றம் மிக அதிகமாக இருந்தது சரிபாதி வாய்ப்பில். நிச்சயம் வரும் என்றாலும் வராது என்றாலும் ஏற்றம் இல்லை. இது கணக்கில் சராசரி எடுப்பதால் தோன்றும் மாயை என்று யேல் நிவ் போன்றவர்கள் 2005-ல் மறுத்தார்கள். சண்டை எளிதில் தீரவில்லை. எனக்கு ஷூல்ட்ஸ் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு, அது என் ஆசை என்றே வைத்துக்கொள்ளுங்கள். குரங்கில் பார்த்ததை மனிதனுக்கு அப்படியே ஒட்டிவிடக் கூடாது என்பதும் சரிதான். ஆனால் கண்ணாடி உருண்டை 'கென்டக்கி 52, டியூக் 48' என்று காட்டும் இரவில் யாருக்கும் தூக்கம் வராது என்பதற்குச் சோதனைக்கூடம் தேவையில்லை.

பையன் அறிவிக்கும் நாளில் அதே பழைய டி-ஷர்ட், சோபாவில் அதே மூலை என்று உட்காருபவர்களை நான் திட்டப் போவதில்லை. 1948-ல் ஸ்கின்னர் என்ற உளவியல் அறிஞர், புறா என்ன செய்தாலும் சரி என்று நேரத்துக்கு நேரம் தீனி போட்டார். தான் செய்வதால்தான் தீனி வருகிறது என்பதுபோல ஒரு புறா தீனிக்கு முன் வட்டமடித்துச் சுற்ற ஆரம்பித்தது, இன்னொன்று கூண்டின் மேல்மூலையில் தலையை முட்டியது. ஆனால் பதினேழு வயதுப் பையன் வேறு கல்லூரியைச் சொன்ன மறுநிமிடமே அவனுக்குப் போனில் வசைமழை பொழிகிறார்களே, அதற்கு டோபமைனைச் சாக்குச் சொல்ல மாட்டேன். புறாகூட விளக்கைத் திட்டுவதில்லை.

நோயலுக்கு என்ன ஆயிற்று? நன்றாகத்தான் ஆடினார். 2013 பிப்ரவரி 12 அன்று ஃப்ளோரிடாவில் நடந்த ஆட்டத்தில், எதிராளியின் பந்தைத் தடுக்கப் பாய்ந்து ஓடி, கூடைக் கம்பத்தடியில் விழுந்தார். இடது முழங்காலில் ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்தது. முந்தைய ஆண்டின் சாம்பியன் அணிக்குப் பெரிய போட்டியில் இடமே கிடைக்கவில்லை. இரண்டாம் தரப் போட்டியான என்.ஐ.டி.யின் முதல் சுற்றில் ராபர்ட் மோரிஸ் என்ற சின்னப் பல்கலைக்கழகத்திடம் 59–57 என்று தோற்றது. அந்த வாரம் லெக்ஸிங்டன் அரங்கம் அந்தப் பெரிய போட்டிக்காக ஒதுக்கப்பட்டிருந்ததால், கென்டக்கி அவர்களுடைய ஊருக்கே போய், சில ஆயிரம் பேர் உட்காரும் கூடத்தில் ஆட வேண்டி வந்தது. விளக்கு எரிந்தது, ஜூஸ் வரவில்லை.

அந்தச் சோகத்தில் ரசிகர்கள் எத்தனை நாள் இருந்தார்கள் என்கிறீர்கள்? அவர்கள் கண் ஏற்கெனவே ஆண்ட்ரூ விக்கின்ஸ் என்ற கனடா நாட்டுப் பையன் மேல் இருந்தது. அந்த வருடத்தின் முதலிடம். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு பள்ளியில் ஆடிக்கொண்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் படித்தது ஃப்ளோரிடா ஸ்டேட்டில், அதனால் அங்கே போவார் என்றார்கள். கென்டக்கி என்றார்கள். நார்த் கரோலினாவும் பட்டியலில் இருந்தது.

2013 மே 14. விக்கின்ஸுக்குக் கூச்சம் அதிகம். டிவி வேண்டாம், கேமரா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பள்ளிக்குள் குடும்பம், நண்பர்கள், உள்ளூர்ப் பத்திரிகையின் ஒரே ஒரு நிருபர். நாலு மாநில ரசிகர்களும் அந்த நிருபரின் ட்விட்டர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, விரலால் இழுத்து இழுத்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். தொப்பி இல்லை, தலைமுடி இல்லை, பார்க்கப் படம்கூட இல்லை. ஒரு வரி வந்தது.

கான்ஸஸ்.